வீடு கட்டப் போறீங்களா? லாரி உள்ளே வருமான்னு முதல்ல பாருங்க!

ஐப்பசி மாதம். தாம்பரத்தை அடுத்த ஏரிக்கரையோரம் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போடும் நாள். ரெடிமிக்ஸ் லாரி வந்து தெருமுனையில் நின்றது. டிரைவர் இறங்கி மனைவரை நடந்து பார்த்தார். முந்தின நாள் மழையில் ஊறியிருந்த களிமண்ணைக் காலால் அழுத்தினார்.

"சார், இதுல ஏத்தினா வண்டி உக்காந்துடும். நான் வரல."

மேலே ஆட்கள் காத்திருந்தார்கள். லாரியின் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரெடிமிக்ஸை ஆலையில் ஏற்றியதிலிருந்து சுமார் 2 மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும். அதில் ஒரு மணி நேரம் வழியிலேயே போயிருந்தது.

மனைக்குள் நின்ற பம்ப்பைத் தெருமுனைக்கு இழுத்து, குழாய்களை நீட்டலாம் என்றார் மேஸ்திரி. கூடுதல் குழாய் வேறு சைட்டில் இருந்தது. அது வருவதற்குள் கலவை இறுகத் தொடங்கிவிட்டது. வண்டியோடு வந்த பையன் தண்ணீர்க் குழாயை எடுத்து டிரம்முக்குள் விடப் போனான். மேஸ்திரி பாய்ந்து தடுத்தார். "தண்ணி ஊத்தினா இளகும் சார், ஆனா பலம் போயிடும். நம்ம கூரைக்கு இது வேணாம்."

அந்த லோடைத் திருப்பி அனுப்பினோம். காசு போனது போனதுதான். புது லோடு வரவழைத்து, விளக்கு போட்டு, கூரையை முடிக்க நள்ளிரவு ஆனது.

டிரைவர்மேல் குற்றமே இல்லை. 6 கன மீட்டர் கான்கிரீட்டே 14 டன்னுக்கு மேல். வண்டியையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 டன். 1,000 சதுர அடிக் கூரையை 5 அங்குல கனத்தில் போட சுமார் 12 கன மீட்டர், அதாவது இப்படி இரண்டு லாரி வேண்டும். எம்-சாண்டும் லேசுப்பட்டதல்ல. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, எடை நாலரை டன்னைத் தொடும். வாஸ்து, பிளான், லோன் எல்லாம் பார்த்த நாங்கள், இந்த எடை எந்த வழியாக வந்து எங்கே நிற்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அதற்கு முன்பே எங்களுக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஜல்லி லாரி ரிவர்ஸ் எடுத்தபோது எதிர்வீட்டு செப்டிக் டேங்க் மூடி உடைந்தது. "தம்பி, நீங்க வீடு கட்டுங்க, வேணாங்கல. என் டேங்கை எதுக்கு உடைக்கிறீங்க?" என்றார் அந்த அம்மா. புது மூடி போட்டுக் கொடுத்தோம். ஆனாலும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கூரை நாளுக்கு அடுத்த வாரம் மேஸ்திரி கையில் டேப்போடு வந்தார். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் கேட் வரை அளந்தோம். லாரியின் அகலம் எட்டே கால் அடிக்குக் குறையாது. ஆனால், தெரு 12 அடி இருந்தாலும் போதாது, திருப்பத்தில்தான் சிக்கல். பெரிய வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, மூலையை வெட்டிக்கொண்டு உள்பக்கமாக வரும். அந்த மூலையில் கால்வாய் மூடியோ, மின்கம்பத்தின் ஸ்டே கம்பியோ இருந்தால் ஆபத்து. தலைக்கு மேலே தொங்கும் கேபிள்களையும் பாருங்கள். டிப்பர் உள்ளே வரும்போது தட்டாத கம்பி, தொட்டியைத் தூக்கும்போது தட்டும். அது மின்கம்பியாக இருந்தால் உயிருக்கே உலை. அங்கே டிப்பரே வேண்டாம். சரிந்த தரையில் தொட்டியைத் தூக்கினாலும் வண்டி பக்கவாட்டில் கவிழும்.

நம் ஊரில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு, நாங்களும் செய்தோம். கட்டுமானத் தண்ணீருக்காக முதலில் சம்ப் கட்டுவோம், அதையும் வாசலில் கட்டுவோம். பிறகு லாரி போக அதன் மூடிமேல்தான் வழி இருக்கும்! சம்ப்பை ஓரமாகத் தள்ளுங்கள். முன்பக்க காம்பவுண்ட் சுவரைக் கடைசியில் கட்டுங்கள். அஸ்திவாரக் குழி விளிம்புக்கு அருகே வண்டியை விடவே விடாதீர்கள், குழி சரிந்து ஆட்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள்.

மேஸ்திரி சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை, கார் நிறுத்தும் இடத்தை முதலிலேயே தயார் செய்வது. சேற்றை வழித்தெடுத்துவிட்டு, உடைந்த செங்கல், கிராவல், மேலே ஒன்றரை இன்ச் ஜல்லி போட்டு ரோலர் ஓட்டினால் லாரி நிற்க இடமாச்சு. வேலை முடிந்ததும் அதுவே போர்ட்டிகோவுக்கு அடித்தளம், செலவு வீணில்லை. ஆரம்பத்திலேயே செய்திருந்தால், பள்ளத்தில் சிக்கிய செங்கல் லாரியை இழுத்த ஜேசிபி வாடகையும் மிச்சமாகியிருக்கும்.

தெரு சரிப்படாது என்றால் சின்ன வண்டியில் பிரித்து இறக்குங்கள். யூனிட்டுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள்தான், பேரம் பேசிப் பாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே எத்தனை சக்கர வண்டி வரும் என்று கேட்டு, தெருவை வீடியோ எடுத்து டிரைவருக்கே அனுப்பிவிடுங்கள். நகரங்களில் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அதையும் விசாரியுங்கள். பள்ளி விடும் நேரத்தில் லோடு வேண்டவே வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒரு ஆள், டிரைவர் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவதும் அவர் வேலைதான்.

டைல்ஸ் லாரி வந்தது தை மாதம். முந்தின இரவே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எதிர்வீட்டு அம்மா காலையில் தன் ஸ்கூட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, டேங்க் மூடியைச் சுற்றி நான்கு செங்கல் அடுக்கி, ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டுப் போனார்.