ரத்தப் புற்றுநோய்: பாதி வழியில் ஊருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்!

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சில முகங்கள் மறப்பதில்லை. கையில் ஆஸ்பத்திரி முத்திரை குத்திய காகிதம். பக்கத்தில் தலையில் துணி கட்டிய சிறு பிள்ளை. மருந்தால் முடி கொட்டிப்போன தலையை மறைக்கத்தான் அந்தத் துணி.

ஒரு நாள் அப்படி வந்தவர், தாராவியில் இட்லி வியாபாரம் செய்பவர். திருநெல்வேலிக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். "திரும்பி வருவது எப்போது?" என்றேன்.

"எதுக்கு சார் திரும்பி வரணும்? காய்ச்சல் நின்னுபோச்சு. பிள்ளை ஓடியாடுது. இன்னும் ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிடணும்னு சொல்றாங்க. நல்லா ஆன பிள்ளைக்கு எதுக்கு மருந்து? ஊரோட போயிடலாம்னு பார்க்கிறேன்."

பின்னால் வரிசை நீண்டு நின்றது. பதில் சொல்ல அன்று எனக்கு நேரமும் இல்லை, விவரமும் தெரியாது. டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு டாக்டர்களைக் கேட்டும் புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டேன். அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரத்தத்தில் என்ன நடக்கிறது?

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாராகும் தொழிற்சாலை. உடலுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்பு அணுக்கள், கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்கள், காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்கேதான் உற்பத்தி ஆகின்றன.

வெள்ளை அணுக்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து, வளர்ச்சி அடையாமலே பெருகத் தொடங்குவதுதான் லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய். தொழிற்சாலை முழுவதையும் அது அடைத்துக்கொள்கிறது. சிவப்பு அணு குறைவதால் உடல் வெளுக்கிறது. நல்ல வெள்ளை அணு குறைவதால் காய்ச்சல் விடாமல் அடிக்கிறது. தட்டணு குறைவதால் ஈறில் ரத்தம் கசிகிறது. நிணநீர்க் கட்டிகளில் வரும் லிம்போமா, மஜ்ஜையில் வரும் மைலோமா ஆகியவையும் இதே குடும்பம்தான்.

1947 வரையில் பிள்ளைகளுக்கு வரும் கடுமையான லுக்கேமியாவுக்கு மருந்தே கிடையாது. சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் முடிந்துவிடும். அந்த நிலையை மாற்றிய மருந்தின் கதை தொடங்கியது இந்த மும்பையில்தான்!

பம்பாய் மில் பெண்கள்

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. துணி மில்களில் பாடுபடும் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது கடுமையான ரத்தசோகைக்கு ஆளாகி இறப்பது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி.

கிருமி காரணம் அல்ல, சாப்பாட்டில் உள்ள குறைதான் காரணம் என்று அவர் கண்டார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் 'மார்மைட்' என்ற மலிவான சாற்றைக் கொடுத்ததும் அந்தப் பெண்களின் ரத்தம் ஊறியது. இதை 1931-ல் உலகுக்கு அறிவித்தார். ஆராய்ச்சியின் ஒரு பகுதியை அவர் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என வழங்கும் பெண்கள் ஆஸ்பத்திரியிலும் செய்தார் என்பது நமக்குப் பெருமை.

அந்தச் சாற்றில் இருந்த சத்து எது? 1941-ல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்றும் கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரை அதுதான்.

சென்னையில் படித்த சுப்பாராவ்

அடுத்து வருபவர் யெல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு அமெரிக்கா சென்றவர். அங்கே லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவராக உயர்ந்தார். யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் கொடுக்கும் மாத்திரையும் அவர் குழுவின் கண்டுபிடிப்பே.

ஃபோலிக் அமிலத்தை ரசாயன முறையில் தயாரித்ததும் அவருடைய குழுதான். அப்போது பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், லுக்கேமியா பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகமாகப் பெருகியது!

அந்தத் தோல்வியிலிருந்துதான் வெற்றி பிறந்தது. புற்று அணுக்களுக்கு இந்தச் சத்து இவ்வளவு தேவை என்றால், அது கிடைக்காமல் செய்துவிட்டால் என்ன? சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமுள்ள போலி மருந்துகளைத் தயாரித்துக் கொடுத்தது. புற்று அணு அதை உண்மைச் சத்து என்று ஏமாந்து எடுத்துக்கொள்ளும்; பிறகு பெருக முடியாது. அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 16 பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூனில் இது வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தமது 53-வது வயதில் காலமானார்.

ஏன் இரண்டு வருஷம்?

ஆனால் தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. இட்லிக் கடைக்காரருக்கு வேண்டிய பதில் இங்கேதான் இருக்கிறது.

நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் உடம்பில் சுமார் லட்சம் கோடி புற்று அணுக்கள் இருக்கும். முதல் மாத மருந்தில் காய்ச்சல் நின்று, பிள்ளை ஓடியாடி, மைக்ரோஸ்கோப்பிலும் நோய் தெரியாமல் போகும் நாளில்கூட, ஆயிரம் கோடி அணுக்கள் வரை ஒளிந்திருக்கக்கூடும். நோய் போகவில்லை, கண்ணுக்கு மறைந்திருக்கிறது. அந்த நேரத்தில் மருந்தை நிறுத்தினால், மிச்சம் இருப்பவை மீண்டும் பெருகும். இரண்டாம் முறை வரும் நோயை அடக்குவது முதல் முறையைவிடக் கடினம்.

இதை உணர்ந்த டாக்டர்கள் ஒரே மருந்தை நம்பாமல் பல மருந்துகளைச் சேர்த்து, வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையில் ஒளியும் அணுக்களுக்காக முதுகுத்தண்டு வழியாகவும் மருந்து செலுத்தினார்கள். 1960-களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் டொனால்டு பிங்கல் இதில் வழிகாட்டினார். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் 100-க்கு சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். அங்கே பிழைக்கும் பிள்ளைக்கும் இங்கே இழக்கும் பிள்ளைக்கும் இடையே இருக்கும் வித்தியாசங்களில் முக்கியமான ஒன்று, மருந்தை முடிக்காமல் விடுவது.

கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். இது அமினோப்டெரினின் தம்பி; பம்பாய் மில் பெண்களின் ரத்தத்திலிருந்து தொடங்கிய வழியில் வந்த மருந்து. பொதுவாக வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் கொடுப்பார்கள். தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எந்தக் கிழமை என்பதைக் காலண்டரில் குறித்துவைப்பது நல்லது.

ஒரு மாத்திரைக்கு அடங்கிய நோய்

பெரியவர்களுக்கு வரும் சி.எம்.எல். என்ற வகையும் உண்டு. மெதுவாக வளரும். வயிற்றின் இடப்பக்கம் மண்ணீரல் வீங்கும். பலருக்கு வேறு எதற்கோ ரத்தம் சோதிக்கும்போது தற்செயலாகத் தெரியவரும்.

அணுவுக்குள் இருக்கும் 9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதே இதன் காரணம் என்று 1973-ல் ஜேனட் ரௌலி என்ற பெண் விஞ்ஞானி காட்டினார். அந்தப் பிழையால் உருவாகும் புரதத்தை மட்டும் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம் என்ற நிலை வந்தது.

விலைதான் மலைக்க வைத்தது. வெளிநாட்டுக் கம்பெனியின் மாத்திரை மாதம் லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட் மறுத்தது. அதனால்தான் இன்றும் சாதாரணக் குமாஸ்தாவும் இந்த மருந்தை வாங்க முடிகிறது. இதையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

போர்வீரர்களுக்குப் பயிற்சி

இப்போது பேசப்படும் புதிய சிகிச்சை 'கார்-டி செல்'. நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்ற போர்வீரர்கள் உண்டு. புற்று அணு சொந்த வீட்டுக்காரனைப் போல வேஷம் போடுவதால் அவை ஏமாந்துவிடுகின்றன. நோயாளியின் டி அணுக்களை வெளியே எடுத்து, எதிரியின் அடையாளத்தைக் கண்டுகொள்ளும் மரபணுவை அவற்றில் ஏற்றி, பெருக்கி, மறுபடி உடலில் செலுத்துகிறார்கள்.

2012-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமி இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை ஆனாள். கடும் காய்ச்சலில் உயிர் ஊசலாடியது. மூட்டுவாத மருந்து ஒன்று அவளைக் காப்பாற்றியது. பத்து ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பவில்லை.

அங்கே இதற்குச் சில கோடி ரூபாய் ஆகும். மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மெமோரியல் மையமும் சேர்ந்து நம் நாட்டிலேயே இதை உருவாக்கின. 2021 ஜூனில் நவி மும்பை கார்கரில் உள்ள டாட்டா மையத்தில் முதல் நோயாளிக்குச் செலுத்தினார்கள். 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று ஜனாதிபதி திரௌபதி முர்மு மும்பையில் தொடங்கிவைத்தார். 2025-ல் வெளியான முடிவுப்படி, பலன் கணக்கிடப்பட்டவர்களில் 100-க்கு 73 பேருக்கு நோய் தணிந்தது.

ஆனால் இது எல்லோருக்கும் முதலில் கொடுக்கும் சிகிச்சை அல்ல. பி-அணு வகை லுக்கேமியா, லிம்போமா ஆகியவற்றில் மற்ற மருந்துகள் தோற்றவர்களுக்கே. இங்கும் லட்சக்கணக்கில் செலவு. முதல் சிகிச்சையை ஒழுங்காக முடித்தால் பலருக்கு இந்த இடத்துக்கு வரவே தேவை இருக்காது.

ஒரு மனைவியின் நினைவில்

பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. சர் தொராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் லுக்கேமியாவால் இறந்தார். கோடீஸ்வரர் மனைவிக்கும் அன்று மருந்து இல்லை. மறு ஆண்டு அவர் பெயரில் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அறக்கட்டளை தோன்றியது. 1941 பிப்ரவரி 28 அன்று ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முதலில் நடந்ததும் இங்கேதான், ஆண்டு 1983. அன்று கோடீஸ்வரிக்குக் கிடைக்காத மருந்து, இன்று தாராவிப் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

அறிகுறிகள் என்ன?

இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், காரணம் இல்லாத வெளுப்பும் களைப்பும், அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு, ஈறிலும் மூக்கிலும் ரத்தம், எலும்பு வலி, கழுத்திலோ அக்குளிலோ கரையாத கட்டி. இவற்றில் எதைக் கண்டாலும் மந்திரித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சில நூறு ரூபாய்தான் செலவு. இருந்தால் எல்லாமே புற்றுநோய் என்று அர்த்தம் அல்ல, பயம் வேண்டாம். இது தொற்று நோயும் அல்ல. பிள்ளையைத் தொட்டுத் தூக்கலாம்.

ரயிலில் சலுகை

கடைசியாக என் இலாகா சமாசாரம். சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வரும் ஒருவருக்கு அவற்றில் 100-க்கு 75 ரூபாய் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கவுண்டரில் கொடுக்க வேண்டும். பணத்துக்கு வழி இல்லை என்றால் வீட்டிலேயே முடிவு செய்யாமல், ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பிரிவில் போய்க் கேளுங்கள். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்தச் சலுகை ஊருக்குப் போவதற்கு மட்டும் அல்ல, திரும்பி வருவதற்கும் உண்டு. திருவிழாவுக்கு ஊருக்குப் போங்கள். பாட்டியிடம் பிள்ளையைக் காட்டுங்கள். ஆனால் போகும்போதே, அடுத்த மருந்து நாளைப் பார்த்துத் திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள்.

அந்த இட்லிக் கடைக்காரர் இதைப் படிக்கிறாரோ என்னவோ! படித்தால், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லட்டும். யாரும் திட்டமாட்டார்கள். பிள்ளையைப் பார்த்து, மேலே என்ன செய்யலாம் என்று சொல்வார்கள்.