மின்வண்டிக்கு விளக்கு மாற்றுமுன்

மேலநீலிதநல்லூர் வட்டாரத்திலிருந்து சங்கரன்கோவில் பூச்சந்தைக்குச் செல்வோர் விடியுமுன்னே புறப்பட வேண்டியவர்கள். சிறு மின்சாரச் சரக்கு வண்டி வாங்கியோர்க்கு முதற்குறையாகத் தோன்றுவது மங்கலான விளக்கே.

இவ்வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் காரீய அமிலப் பாட்டரிகள் நான்கு தொடராக இணைந்து 48 வோல்ட் தருகின்றன. விளக்கிற்கு வேண்டியதோ 12 வோல்ட். ஆகவே, நான்கில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுகின்றனர். அந்த ஒன்று ஏனையவற்றுக்கு முன்பே வடிந்துவிடும். மின்னேற்றும்போது நான்கிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், மூன்று மிகையாக நிரம்பிக் கொதிக்க, அது மட்டும் குறையாகவே நிற்கும். நாளடைவில் நான்கும் பாழ். ஒரு குடும்பத்தின் சேமிப்பும் அதனோடு போகும். 48 வோல்ட் முழுவதிலிருந்தும் எடுத்து 12 வோல்டாகக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டரைப் பொருத்துவதே தக்க முறையென நாம் கருதுகிறோம். 2022-இல் அறிமுகமான டாட்டா ஏஸ் மின்வண்டி போன்றவற்றில் இவ்வேற்பாடு தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுகிறது. அவற்றின் கம்பிகளை வெட்டாதிருப்பதே நலம்.

60 வாட் ஹாலஜன் விளக்கு 5 ஆம்பியர் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. இரண்டுக்கும் குறைவே. ஆயினும் ஹாலஜனுக்கென அமைந்த கிண்ணத்தில் எல்.இ.டி. குமிழைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே மிதிவண்டியில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். கிண்ணத்தோடு முழு விளக்கையும் மாற்றுக. ஃபியூஸ் பாட்டரியை ஒட்டியே இருக்கட்டும். மின்னேற்றும்போது காரீயப் பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுமாதலால், அருகே பீடி பற்றவைக்கலாகாது.

நம்மவர் முகப்பு விளக்கையே எண்ணுகின்றனர். பின்னால் விரைந்து வரும் பேருந்து ஓட்டுநருக்குத் தெரிய வேண்டியது சிவப்பு விளக்கு. பூமூட்டைகள் அதனை மறைக்காத இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள்.