சொற்களுக்குள் ஒளிந்திருந்த செபம்

பிரிந்து செல்பவர்கள் ஒருவருக்கொருவர் கூறும் 'குட்பை' என்னும் ஆங்கிலச் சொல் இன்று எல்லா நாடுகளிலும் பழகிப்போனது. எமது வீடுகளில் பேசப் பழகும் குழந்தைகூடக் கையை அசைத்து அதனை மழலையில் மொழிகின்றது. 'இறைவன் உங்களோடு இருப்பாராக' என்ற முழு வாக்கியம் ஒன்று தேய்ந்து குறுகியே அச்சொல் பிறந்தது என்பதைப் பலர் அறியார். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சுருக்கி எழுதப்படத் தொடங்கியது. காலப்போக்கில் இறைவனைக் குறித்த 'கொட்' விலக, 'நல்ல' என்று பொருள்படும் 'குட்' அவ்விடத்தில் வந்தமர்ந்தது. காலை வணக்கம், இரவு வணக்கம் கூறும் ஏனைய சொற்களின் சாயல் அதன்மேற் படிந்தமையே காரணம். திருப்பலியிலே குருவானவர் கைகளை விரித்து எமக்கு வழங்கும் வாழ்த்தும், சந்தையிலும் தெருவிலும் ஆங்கிலேயர் கூறிப் பிரியும் சொல்லும் பொருளால் ஒன்றே.

இத்தகைய சொற்கள் ஆங்கிலத்தில் ஒன்றிரண்டல்ல. பாப்பரசர் பெரிய கிரகோரியார் அனுப்பிய துறவி அகுஸ்தீனார் 597ஆம் ஆண்டு கென்ற் கரையில் இறங்கினார். அன்று முதல் 1534இல் 8ஆம் ஹென்றி மன்னன் உரோமையோடு உறவை முறிக்கும்வரை, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டின் மொழி ஆலயத்தின் நிழலிலேயே வளர்ந்தது. அதே ஹென்றிக்கு 1521இல், மார்ட்டின் லூதருக்கு எதிராக ஏழு அருட்சாதனங்களையும் ஆதரித்து நூல் எழுதியமைக்காக, பாப்பரசர் 10ஆம் சிங்கராயர் 'விசுவாசத்தின் பாதுகாவலர்' என்னும் பட்டத்தை வழங்கியிருந்தார். முறிவுக்குப் பின்னரும் அப்பட்டத்தை விட்டுக்கொடுக்க அரச குடும்பத்துக்கு மனம் வரவில்லை. இன்றும் பிரித்தானிய நாணயத்தில் அரசரின் பெயரருகே அதன் இலத்தீன் முதலெழுத்துக்கள் இரண்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வரலாற்றுக்கும் சில வேளைகளில் நகைச்சுவை உணர்வு இருக்கத்தான் செய்கின்றது.

ஆயினும் அக்காலத்துக் கத்தோலிக்கருக்கு அது நகைப்புக்குரிய காலமாக இருக்கவில்லை. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், 1559இல், திருப்பலி சட்டத்தால் விலக்கப்பட்டது. 1581இல் திருப்பலி கண்டவருக்கு அபராதமும் ஓராண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. 1585இன் சட்டம், வெளிநாட்டிற் குருப்பட்டம் பெற்று நாட்டுக்குள் வருவதை இராசத் துரோகமாக்கியது. அத்தகைய குருவுக்குப் புகலிடம் அளித்தவருக்கும் மரண தண்டனை.

ஆனால் அந்நாட்டவர் ஆண்டுதோறும் கொண்டாடிய பெருவிழாவின் பெயரோ 'கிறிஸ்மஸ்'. 'கிறிஸ்துவின் திருப்பலி' என்பதே அதன் நேர்ப்பொருள். திருப்பலியை ஒழித்தவர்களும் டிசெம்பர் வந்ததும் அதன் பெயரைச் சொல்லியே வாழ்த்துப் பரிமாறினர். இது சில பியூரிட்டன்களின் மனச்சாட்சியை உறுத்தியது. சொல்லின் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு, 'கிறிஸ்துவின் காலம்' என்ற பொருளில் வேறொரு சொல்லை அவர்கள் வழங்கிப் பார்த்தனர். 1647இல் பாராளுமன்றம் விழாவையே தடைசெய்தது. கடல் கடந்து அமெரிக்காவின் மசாசூசெட்ஸிற் குடியேறியவர்கள் 1659இல், அவ்விழாவைக் கொண்டாடுபவருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் என்று சட்டம் இயற்றினர். 1681இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. புதிய சொல் மறக்கப்பட்டது. பழைய சொல்லோ உலகை வலம்வந்தது.

எனக்கு இவை எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது 'பீட்' என்னும் சிறு சொல்லே. இன்று கழுத்துமாலையிற் கோத்த மணிக்கும், சட்டையில் தைக்கும் பாசிமணிக்கும் அதுதான் பெயர். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் மணி அன்று, செபம். ஜேர்மன் மொழியில் செபத்தைக் குறிக்கும் சொல் இன்றும் அதன் உடன்பிறப்பாகும். செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு செபத்துக்கும் ஒரு மணி விரலிடையே நகர்வதால், செபத்தின் பெயர் மெல்ல மெல்ல மணிக்கே உரியதாகிவிட்டது. 1571இன் சட்டமொன்று, உரோமையில் ஆசீர்வதிக்கப்பட்ட சிலுவைகள், படங்களுடன் செபமாலைகளையும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. மீறினால் உடைமைகள் பறிபோகும், சிறையும் காத்திருந்தது. அத்தடைச் சட்டம் செபமாலைக்கு வழங்கிய பெயரும் 'பீட்ஸ்' என்பதே. எமது மண்ணும் இத்தகைய காலத்தைக் கண்டதுதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திய யாழ்ப்பாணத்துக்கு 1687இல் மாறுவேடத்தில் வந்த புனித யோசப் வாஸ் அடிகளார், மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர் தம்மை இனங்காணும் பொருட்டுக் கழுத்தில் அணிந்து நடந்ததும் செபமாலையையே.

விடுமுறையைக் குறிக்கும் 'ஹொலிடே' ஒரு காலத்திற் பரிசுத்த நாள். 'மேரிகோல்ட்' மலர் மரியாளின் பொன். கறுப்புப் புள்ளிகளுடன் செடிகளில் ஊரும் செந்நிற வண்டான 'லேடிபேர்ட்', தேவமாதாவின் பறவை. தவக்காலத்துக்கு முந்திய செவ்வாய், பாவசங்கீர்த்தனம் கேட்பதைக் குறித்த பழஞ்சொல்லைத் தன் பெயரில் இன்னமும் சுமக்கின்றது. மக்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்த அந்நாளின் ஆலயமணி, பிற்காலத்தில் அடுப்பில் பான்கேக் வார்க்க நேரமாயிற்று என்பதற்கான மணியாகிவிட்டது. ஒக்ஸ்போர்டில் கல்வியாண்டின் முதற்றவணை இன்றும் அதிதூதர் மிக்கேலின் பெயரையே தாங்குகின்றது.

பெரிய வியாழனின் ஆங்கிலப் பெயர் சற்று வேறான கதை. இராவுணவு வேளையில் ஆண்டவர் சீடரின் பாதங்களைக் கழுவி, ஒருவரையொருவர் அன்பு செய்யும் புதிய கட்டளையை அளித்தார். 'கட்டளை' என்பதற்கான இலத்தீன் சொல்லே திரிந்து 'மோண்டி' ஆயிற்று. இங்கிலாந்து மன்னர்களும் அந்நாளில் ஏழைகளின் பாதங்களைக் கழுவினர். திருப்பலியைத் தடைசெய்த எலிசபெத் அரசியும் கழுவினார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கழுவுதல் நின்றுபோயிற்று. இன்று அரசரின் வயது எத்தனையோ, அத்தனை ஆண்களுக்கும் அத்தனை பெண்களுக்கும் வெள்ளி நாணயப் பைகள் வழங்கப்படுகின்றன. அச்சடங்கில் உதவும் திருப்பணியாளர்கள் இன்னமும் இடுப்பில் வெண்துணித் துவாலை கட்டியிருக்கின்றனர். துவாலை இருக்கின்றது, தண்ணீர்தான் இல்லை.

எமது குடும்பங்களில் இலண்டனிலோ டொரொன்டோவிலோ பிள்ளைகள் இல்லாத வீடு அரிது. இங்கே அம்மம்மா 'நத்தார்' என்கின்றார். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற அச்சொல்லின் பொருள் பிறப்பு. அங்கே பேரப்பிள்ளை 'கிறிஸ்மஸ்' என்கின்றது. ஆங்கிலம் பக்தியற்ற மொழி, அதிலே வளரும் பிள்ளை விசுவாசத்தை இழந்துவிடும் என்று கவலைப்படும் பெரியவர்கள் உள்ளனர். மொழியின் மீது அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று. தன்னைப் பேசுவோரே மறந்துவிட்ட செபங்களை அம்மொழி நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கின்றது. ஆனால் சொல் காத்துவைத்திருப்பதை யாராவது ஒருவர் வீட்டிலிருந்து பிள்ளைக்கு எடுத்துக் காட்டவேண்டும். தமிழில் 'செபமாலை' என்று தெளிவாகவே பெயர் வைத்திருக்கும் வீடுகளிலும் அது ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கலாம்.

மார்ச் 25, மங்களவார்த்தைத் திருநாள். ஆங்கிலத்தில் அதற்கு 'லேடி டே' என்று பெயர். 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது ஜனவரி முதலாந் திகதி அல்ல, மாதாவின் இந்நாளிலேயே. குத்தகையும் வாடகையும் அன்றே தீர்க்கப்பட்டன. 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது 11 நாட்கள் கழிக்கப்பட்டன. அந்த 11ஐ மார்ச் 25உடன் கூட்டினால் ஏப்ரல் 5 வரும். பிரித்தானியாவின் வரியாண்டு இன்றும் முடிவடைவது அத்திகதியில்தான்.

யோர்க் நகரத்து இறைச்சி வியாபாரி ஒருவரின் மனைவியான மார்கிரட் கிளித்ரோ, அந்நாட்டின் கணக்குப்படி பழைய ஆண்டின் கடைசி நாட்களிற் கைதானார். தம் வீட்டிற் குருக்களை மறைத்துவைத்துத் திருப்பலி நிறைவேற்ற இடமளித்தார் என்பது குற்றம். விசுவாசத்துக்காக முன்னரும் சிறை சென்றவர் அவர். எழுத்து வாசிக்கக் கற்றதே சிறையில்தான். விசாரணை நடந்தால் தம் பிள்ளைகளே தமக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேரிடும் என்றறிந்து, குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ எதுவுங்கூற மறுத்துவிட்டார். அவ்வாறு மறுப்போருக்கு அன்றைய சட்டம் விதித்த தண்டனை, பாரங்களால் நசுக்கிக் கொல்லுதல். 1586 மார்ச் 25ஆம் திகதி, லேடி டே அன்று, புத்தாண்டின் முதல் நாளில், ஒரு கதவை அவர்மீது கிடத்தி அதன்மேற் பாரங்களை ஏற்றினர். 1970இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

சாவதற்கு முன் தம் தொப்பியை அவர் கணவனுக்கு அனுப்பினார். காலணிகளையும் காலுறைகளையும் மகள் ஆனுக்கு அனுப்பினார், தம் அடிச்சுவட்டில் அவள் நடக்கவேண்டும் என்பதற்காக. ஆன் வளர்ந்தபின் கடல் கடந்து சென்று, லூவேன் நகரில் கன்னியர் மடம் புகுந்தாள்.