சுடருக்கு ஏது ஓரம்?

திருவிழா நெருங்கினால் பெரம்பலூர் பேனர் கடைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இரவுப் படங்கள் வந்து குவியும். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் ஏற்றிய மாவிளக்கு, விளக்கொளியில் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம், வாணவேடிக்கை. எல்லாவற்றுக்கும் ஒரே கோரிக்கைதான்: “கறுப்பை எடுத்துட்டு நம்ம பேனர்ல வைங்கண்ணே.”

விமானத்துக்கு அது சரி. கல்லுக்கு ஓரம் உண்டு. தஞ்சாவூர் போல நேராக ஏறாமல் உள்வாங்கி வளையும் ராஜேந்திர சோழனின் விமானத்தைப் பென் டூலால் சுற்றிவரப் பொறுமை இருந்தால் போதும். சுடர் அப்படியில்லை. நடுவில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, பிறகு முடிவது தெரியாமல் இருட்டில் கரையும். வெட்டினால் சுற்றிலும் கரிக்கோடு ஒட்டிக்கொள்ளும். டிசைன் பழகிய காலத்தில் அப்படியொரு குத்துவிளக்கை அச்சுக்கே அனுப்பியிருக்கிறேன். எட்டடிக்குப் பெரிதானபோது அது விளக்காக இல்லை, ஸ்டிக்கராக இருந்தது.

வெட்டவே வேண்டாம். சுடர் லேயரின் பிளெண்டிங் மோடை ‘ஸ்கிரீன்’ என்று மாற்றினால் கறுப்பு தானே மறையும். இரண்டு படங்களையும் நெகட்டிவ் ஆக்கிப் பெருக்கி, வந்ததை மறுபடி நெகட்டிவ் ஆக்கும் கணக்கு அது. 0 முதல் 255 வரையான அளவில் பின்னணி 100, சுடரின் ஓரம் 128 என்றால் கிடைப்பது 178. சுடர்ப்படத்தில் 0 இருக்கும் இடத்தில் பின்னணியின் 100 அப்படியே நிற்கும்.

ஆனால் செல்போன் படத்து இருட்டு சுத்தக் கறுப்பு இல்லை. 12, 15 என்று புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பேனரில் வைத்ததும் சுடரைச் சுற்றிச் சாம்பல் கட்டம் தெரியும். லெவல்ஸில் கறுப்பு முனையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போய்விடும். ரொம்ப இழுத்தால் சுடரின் கதகதப்பும் சேர்ந்து போகும்.

பெரிய சிக்கல் நம்மூர் பேனரின் மஞ்சள். ஸ்கிரீனுக்கு வெளிச்சத்தைக் கூட்டத்தான் தெரியும். ஏற்கெனவே பளிச்சென்ற இடத்தில் கூட்ட என்ன இருக்கிறது? சுடர் காணாமல் போகும். அங்கே ஆல்ஃபா சேனல் வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் அடியிலிருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்று குறித்துவைக்கும் இதை, 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் உருவாக்கினார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பில் ‘கலர் டு ஆல்ஃபா’ போய்க் கறுப்பைத் தேர்ந்தால், கலந்திருக்கும் இருட்டைக் கழித்து, மங்கிய ஆரஞ்சுக்கு அதன் நிறத்தைத் திருப்பித் தரும். பி.என்.ஜி.யாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் ஆல்ஃபா நிற்காது.

இனி மஞ்சள் மேல் வைத்தாலும் சுடரின் விளிம்பு லேசான செம்மையோடு தெரியும். மாவுதான் பாவம், அதுவும் பாதி கண்ணாடியாகிவிடும். அதை மட்டும் பழைய படத்திலிருந்து பென் டூலால் வெட்டி அடியில் வைக்க வேண்டும்.