சிகிச்சை முடிந்த வீட்டில் இருவர்

புரோஸ்டேட் சுரப்பி பெரிய நெல்லிக்காய் அளவுதான். ஆனால் அது இருக்கும் இடம் நெருக்கடியானது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஆண்குறி விறைப்புக்கான நரம்புகள் அதன் இருபுறமும் ஒட்டிச் செல்கின்றன. புற்றுநோய்க்காக அதை அகற்றும்போது இந்த அண்டை உறுப்புகளும் அடிபடுகின்றன. இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும். விறைப்பு குறையும் அல்லது நின்றுபோகும். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அடிக்கடி மலம் கழிக்கும் அவசரம் வரலாம். ஹார்மோன் சிகிச்சையில் உடல் திடீரென்று அனலாகக் கொதிக்கும், சோர்வு தட்டும், மனம் சுருங்கும்.

கசிவு பலருக்குச் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் குறைகிறது. விறைப்பு மீள இரண்டாண்டு வரை ஆகலாம். சிலருக்கு முழுமையாக மீளாது. இந்த நீண்ட காலத்தைக் கணவரோடு சேர்ந்து கடப்பவர் மனைவி. இரவில் படுக்கை விரிப்பை மாற்றுபவரும், கணவர் விலகிப் படுப்பதன் காரணம் புரியாமல் தவிப்பவரும் அவர்தான். மருத்துவரின் அறையில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது பெருங்குறை.

அந்தக் குறையைத் தீர்க்கவே தம்பதியர் இருவருக்குமான இணையவழித் திட்டங்கள் எழுந்தன. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த லெஸ்லி ஸ்கோவரின் குழு 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தாம்பத்திய உறவு குறித்த ஆலோசனையை இணையத்தில் பெற்றவர்களும் நேரில் பெற்றவர்களும் ஒத்த பலனே அடைந்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் லிக்சின் சாங் உருவாக்கிய ‘பெர்க்’ திட்டம் சிறுநீர், குடல், உறக்கம், சோர்வு, மன அழுத்தம் என எல்லாத் தொல்லைகளையும் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துக் கையாளும்படி அமைந்தது.

இவற்றில் கற்றுத் தரப்படுபவை எளியவை. இடுப்புத்தளத் தசையை இறுக்கிச் சில விநாடி பிடித்துத் தளர்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்யவேண்டும். காப்பி, தே தாரிக் போன்றவை சிறுநீர்ப்பையைச் சீண்டும் என்பதால் அவற்றைக் குறைக்கவேண்டும். கசிவுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது தவறு. கெட்டியான சிறுநீர் எரிச்சலைக் கூட்டும். எல்லாவற்றிலும் கடினமான பாடம், வாய்விட்டுப் பேசுவது. உடலுறவு இல்லாத நாளிலும் தொட்டு அணைப்பது தொடரலாம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கே பல தம்பதியருக்குத் துணை தேவைப்படுகிறது.

மலேசியாவின் ரவாங்கில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இந்த வழி கூடுதலாகப் பொருந்தும். கோலாலம்பூர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவு. கசிவு நிற்காதவருக்கு கொம்யூட்டர் ரயிலில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பதே அச்சம். மலாயும் ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாத பெரியவருக்கு மகளோ மகனோ மொழிபெயர்க்கவேண்டும். விறைப்பைப் பற்றிய கேள்வியை மகளை வைத்துக்கொண்டு எந்த அப்பாவும் கேட்கமாட்டார். வீட்டில், கைப்பேசியில், தமிழில் படிக்கவும் கேட்கவும் கிடைத்தால் அந்தத் தயக்கம் பாதி கரையும். இத்திட்டங்கள் ஆங்கிலத்தில் பிறந்தவை. அவற்றைத் தமிழில் தருவதற்குக் காப்பி, படுக்கை, வெட்கம் எல்லாம் இங்குள்ளபடி எழுதப்படவேண்டும். கோலாலம்பூரில் 1966 முதல் இயங்கும் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் போன்ற அமைப்புகள் கையில் எடுக்கக்கூடிய பணி இது.

திரையால் ஆகாத காரியங்களும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டால், இரத்தம் கட்டியாக வந்தால், குளிர்காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். விறைப்புக்கான சில்டெனாஃபில் வகை மாத்திரைகளை இணையத்தில் வாங்கி விழுங்கக்கூடாது; நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அவை இரத்த அழுத்தத்தை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குத் தாழ்த்திவிடும்.