தரைத்தளம் யாருக்கு?

பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்திற்கு அருகே, காக்ஸ் டவுனை ஒட்டி அமைந்திருக்கிறது ஜீவனஹள்ளி. அங்கே ஒரு குறுந்தெருவில், இருபதுக்கு முப்பது அடி மனையில் நின்ற பழைய வீடொன்றை இடித்துவிட்டு நான்கு தளங்கள் எழுப்ப ஒரு குடும்பத்தார் முடிவு செய்திருந்தனர். மூன்று தலைமுறைக்கு முன்னர் வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் அது. வரைபடம் ஆயத்தமாகிவிட்டது, கடன் விண்ணப்பமும் எழுதப்பட்டுவிட்டது. தரைத்தளம் முழுவதும் வாகனங்களுக்கு, மேல்தளம் அம்மாவுக்கு, அதற்கும் மேலே வாடகைக்கு என்பது மகன்களின் திட்டம். வரைபடத்தை நெடுநேரம் பார்த்திருந்த எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் எங்கப்பா உட்காருவேன்?"

"மேலே உங்களுக்குப் பெரிய ரூம் இருக்கும்மா. லிஃப்ட்டும் வெக்கிறோம்."

"லிஃப்ட்டுல இறங்கி வந்தா எங்க உட்காருவேன்? காருக்குப் பக்கத்துலயா?"

மகன்களிடம் அதற்கு விடை இல்லை. வீட்டின் பரப்பு, அறைகளின் எண்ணிக்கை, மாதத் தவணை ஆகிய யாவற்றையும் கணக்கிட்டிருந்தார்கள். அம்மா நாள்தோறும் காலையும் மாலையும் அமர்ந்திருந்த வாசல் திண்ணை மட்டும் எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை. அந்தக் கேள்வியைத் துணையாகக் கொண்டு ஜீவனஹள்ளியின் தெருக்களையும் அதைச் சூழ்ந்துள்ள பகுதிகளையும் நாம் சுற்றிவந்தோம்.

ஹள்ளியும் ஜகலியும்

தமிழ் ஊர்ப்பெயர்களில் 'பள்ளி' என்று வழங்கும் சொல்லின் உறவே கன்னடத்தின் 'ஹள்ளி'. பழங்கன்னடத்தின் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது. அதனால் நம் பால் அங்கே 'ஹாலு' ஆயிற்று. பலா 'ஹலசு' ஆயிற்று. ஹள்ளி என்றால் சிற்றூர். பெங்களூருவின் வரைபடத்தில் ஹள்ளி என முடியும் பெயர்கள் பல உள்ளன. ஒவ்வொன்றும் நகரம் வளர்ந்து வந்து விழுங்கிய ஒரு கிராமத்தின் நினைவு.

தமிழ்நாட்டில் 'நத்தம்' என வழங்கும் ஊர்க் குடியிருப்பு நிலத்தைக் கர்நாடகத்தில் 'கிராமதாணா' என்பர். இத்தகைய பழைய குடியிருப்புகள் அளவுகோல் வைத்துப் பிரிக்கப்பட்டவை அல்ல. ஒரு வீட்டை ஒட்டி மற்றொரு வீடு எழுந்தது. எஞ்சிய இடைவெளி தெருவாயிற்று. மதிலுக்கும் தோட்டத்திற்கும் அங்கே இடமில்லை. வீட்டிற்கும் தெருவிற்கும் நடுவே இருந்தது ஒரு மேடை மட்டுமே. அதனைத் தமிழர் திண்ணை என்றனர். கன்னடர் ஜகலி என்றனர்.

பெயர் இரண்டாயினும் பயன் ஒன்றே. வீட்டுக்குரியவரின் நிலத்தில் இருப்பினும் அது முழுவதும் அவருடையதாக இருந்ததில்லை. நடந்து களைத்தவர் கேட்காமலே அமரலாம். கீரை விற்பவர் கூடையை இறக்கி வைக்கலாம். முதியோர் வெயில் காயலாம். குழந்தைகள் பாடம் படிக்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எழுத்தறிந்த தலைமுறைகள் தமிழ்நாட்டில் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் முகப்புத் திண்ணைகளில் வணிகப் பேச்சுகளும் வரவு செலவும் நடந்தன. நகரத்தார் சமூகத்தினர் பின்னாளில் வங்கித் துறையில் பெரும்பங்கு வகித்ததை நாம் அறிவோம். 1937-இல் எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். கடனும் நம்பிக்கையும் கட்டடத்திற்குள் செல்லுமுன் திண்ணையில் அமர்ந்திருந்தன எனலாம்.

ஊருக்குப் பொதுவான திண்ணையும் ஒன்று உண்டு. அரசமரத்தைச் சுற்றி எழுப்பிய மேடையைக் கன்னடத்தில் 'அரளிக்கட்டே' என்பர். நாகக்கற்கள் நிறுத்திய மேடையில் காலையில் வழிபாடு, மாலையில் ஊர்ப்பேச்சு என்பது கன்னட நாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். வீண்பேச்சுக்கு 'ஹரட்டே' என்றும், அதற்குரிய மேடைக்கு 'ஹரட்டே கட்டே' என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதனைப் பொற்காலமாக மட்டும் வரைந்துவிடல் நேர்மையாகாது. திண்ணை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால் அதில் அமர மறுக்கப்பட்டோர் பலர். பல வீடுகளில் பெண்களுக்கு அது பகலில் உரியதன்று. யார் அமரலாம், யார் அமரக் கூடாது என்பதையும் கல்லும் காரையும் காட்டிக்கொண்டுதான் இருந்தன. கட்டடம் பண்பாட்டின் கண்ணாடி எனில், அதில் அழகும் அழுக்கும் சேர்ந்தே தெரியும்.

மதிலுக்குள் பங்களா

ஜீவனஹள்ளியிலிருந்து சிறிது தொலைவு நடந்தாலே தெருக்களின் இலக்கணம் மாறிவிடுகிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூருவில் படைவீடு ஒன்றை அமைத்தனர். அதுவே கன்டோன்மென்ட். சென்னை மாகாணத்துப் படையினருடன் வணிகரும் கட்டடத் தொழிலாளரும் கைவினைஞரும் வந்து சேர்ந்தனர். அவருள் தமிழர் மிகுதி. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை இங்கே எட்டியது. 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் வசம் ஒப்படைக்கப்பட்டபோதும், கன்டோன்மென்ட் 1947 வரை ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே இருந்தது.

1898-இல் பெங்களூருவைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசு, காற்றும் ஒளியும் புகும் புதிய பகுதிகளை உருவாக்க முனைந்தது. நகரத்தின் பக்கம் பசவனகுடியும் மல்லேஸ்வரமும், கன்டோன்மென்ட் பக்கம் இன்று புலிகேசி நகர் எனப்படும் பிரேசர் டவுனும் இவ்வாறு எழுந்தவை. அகன்ற நேர்த்தெரு, அளந்து பிரித்த மனை, வீட்டைச் சுற்றிலும் திறந்தவெளி என்பன இப்பகுதிகளின் அடையாளங்கள்.

ஜீவனஹள்ளியைச் சூழ்ந்த 'டவுன்'களில் இன்றும் எஞ்சியிருக்கும் பழைய பங்களாக்களில் இதனைக் காணலாம். கருங்கல் தூண்களுக்கு இடையே வாயிற்கதவு, அதன்பின் தோட்டம், தோட்டத்தின்பின் வராந்தா. சன்னல்களின்மேலும் முகப்பிலும் மரச்சட்டங்களால் ஆன கூர்முனைக் கூரைமுகடு. பெங்களூருக்காரர் இதனை 'மங்கி டாப்' என்பர். சாய்ந்த கூரையில் மங்களூர் ஓடு. அவ்வகை ஓட்டின் தொழிற்சாலையை 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கினர். உள்ளே சிவப்புக் காவிச் சிமென்டுத் தளம்.

இங்கும் வாசலில் அமர இடம் உண்டு. ஆனால் வராந்தா தெருவைப் பார்ப்பதில்லை, தோட்டத்தைப் பார்க்கிறது. வழிப்போக்கர் அங்கே அமர இயலாது. வாயிற்கதவைத் தாண்டுவதற்கே அழைப்பு வேண்டும். ஹள்ளி வீடு தெருவுக்கு இருக்கை தந்தது. பங்களா தெருவுக்கு நிழல் தந்தது. மதிலுக்கு வெளியே தலைநீட்டும் மாமரமும் வேம்புமே அதன் கொடை.

தூண்களின் மேல் ஒரு வீடு

இவ்விரண்டையும் இன்று மூன்றாவது வடிவம் ஒன்று இடம்பெயர்க்கிறது. தரைத்தளத்தில் தூண்கள் மட்டும். அவற்றின் மேல் அடுக்கடுக்காக வீடுகள். பெங்களூரு வழக்கில் இதன் பெயர் 'ஸ்டில்ட்'. முகப்பு முழுவதும் இரும்புக் கதவு. உள்ளே கார்களும் இருசக்கர வாகனங்களும்.

இதற்குக் காரணம் பேராசை மட்டும் அன்று. நிலத்தின் விலை ஏறிவிட்டது. தெருவில் வாகனம் நிறுத்த இடமில்லை. மனைக்குள்ளேயே நிறுத்தவேண்டும் என விதிகளும் கேட்கின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு. மனையின் பரப்பிற்கேற்ப இவ்வளவுதான் கட்டலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. வாகன நிறுத்தத்திற்கு விடும் தளம் பொதுவாக அந்த வரம்பில் கணக்கிடப்படுவதில்லை. அதே இடத்தில் ஓர் அறை கட்டினால் கணக்கில் வந்துவிடும். ஆகவே கணக்குத் தெரிந்த எவரும் தரைத்தளத்தைக் காருக்குக் கொடுத்துவிடுகின்றனர்.

இதனால் இழப்பது என்ன? அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் நகரங்களைக் குறித்து 1961-இல் வெளியிட்ட நூலில், ஒரு தெருவைப் பாதுகாப்பது காவல்துறை மட்டுமன்று, அத்தெருவை வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் இயல்பாகக் கவனித்துக்கொண்டிருக்கும் மனிதர்களே என்று வாதிட்டார். ஜீவனஹள்ளி அம்மையார் அந்நூலைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர் திண்ணையில் அமர்ந்திருந்த நேரத்தில், பள்ளியிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டுக் குழந்தை யாரும் இல்லாத வீட்டின்முன் காத்து நின்றதில்லை. எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டியும் இவரும் ஆளுக்கொரு மொழியில் பேசி நாற்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருக்கின்றனர். இன்று கண்காணிப்புக் கேமராவை விலைகொடுத்து வாங்கி அத்தகைய வாசல்களில் பொருத்துகிறோம். கேமரா பார்க்கும், "சாப்பிட்டாயா?" என்று கேட்காது.

சிங்கப்பூர் செய்த தேர்வு

அடுக்குமாடி என்றாலே இது தவிர்க்க முடியாததா? தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரைச் சற்று நோக்குவோம்.

1822-இல் அந்நகரின் அமைப்பைத் திட்டமிட்டபோது, தெருவோர வீடு ஒவ்வொன்றும் முன்புறத்தில் குறிப்பிட்ட அகலத்திற்கு ஒரு தாழ்வாரம் விடவேண்டும் என்று ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் பணித்தார். அது எந்நேரமும் திறந்திருக்கவேண்டும். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் இணைந்து மக்கள் வெயிலிலும் மழையிலும் நடக்கும் பாதையாகவேண்டும். 'ஐந்தடி வழி' எனப் பெயர்பெற்ற அப்பாதைகளை லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் இன்றும் காணலாம். நிலம் தனியாருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. திண்ணையின் அறம் அங்கே சட்டமாயிற்று.

1960-இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பத் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் கட்டடங்களின் தரைத்தளத்தை வீடுகளின்றித் திறந்த வெளியாக விடுவது அங்கே வழக்கமாயிற்று. நம் ஸ்டில்ட் போலவே அங்கும் தூண்கள் மட்டும். ஆனால் அவ்விடம் கார்களுக்கு உரியதன்று. கல் மேசையும் இருக்கைகளும் இடப்பட்டுள்ளன. மலாய்க் குடும்பத்தின் திருமண விருந்தும் சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கும் அதே தளத்தில், வெவ்வேறு நாட்களில் நடைபெறுகின்றன. வாகனங்களுக்குத் தனி நிறுத்துமிடம் உண்டு. அது அரசு கட்டிய குடியிருப்பு, நம்முடையது தனி மனை, இரண்டும் ஒன்றல்ல. எனினும் ஒன்று தெளிவாகிறது. தூண்களுக்கு நடுவே விடப்பட்ட ஒரே வெற்றிடத்தை ஓர் ஊர் மனிதருக்குக் கொடுத்தது, மற்றோர் ஊர் வாகனத்திற்குக் கொடுத்தது. வெற்றிடத்தில் தவறில்லை. அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் பண்பாடு இருக்கிறது.

மூன்றடி அகலம்

ஜீவனஹள்ளிக் குடும்பம் வரைபடத்தை மீண்டும் கையிலெடுத்தது. இரண்டு கார்களுக்கென ஒதுக்கிய தரைத்தளம் ஒரு காருக்கும் ஒரு திண்ணைக்குமாக மாறியது. மனையின் எல்லைக்குள்ளேயே, தெருவைப் பார்த்தபடி, எட்டடி நீளம், மூன்றடி அகலம். இழப்பும் உண்டு. கார் வைத்திருக்கும் வாடகைதாரர் ஒருவரை இனி ஏற்க இயலாது. அந்தத் தளத்தின் வாடகை குறையும். மூத்த மகன் இதனை எளிதில் ஒப்பவில்லை. தவணை கட்டப்போவது அவர்தான். இளைய மகன்தான் சொன்னார்: "அண்ணா, அம்மா ஒரு நாள்ல எட்டு மணி நேரம் அங்கதான் இருக்காங்க. கார் ஓடறது ரெண்டு மணி நேரம்." நாம் சென்றபோது தூண்கள் எழுந்திருந்தன. பழைய திண்ணையின் கருங்கற் பலகைகள் உடைபடாமல் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவை மீண்டும் வாசலுக்கே வரவிருக்கின்றன.

வீடு கட்டவோ புதுப்பிக்கவோ எண்ணும் வாடிக்கையாளர்கள் கருத்தில் கொள்ளத்தக்க சிலவற்றை இங்கே கூறுவோம். திண்ணையைப் பற்றிய முடிவை வரைபட நிலையிலேயே எடுத்தல் நன்று. வீட்டுக்கடன் பொதுவாகக் கட்டுமானத்தின் நிலைகளுக்கேற்பப் பகுதி பகுதியாக வழங்கப்படுகிறது. அனுமதி பெற்ற வரைபடத்திலிருந்து விலகிக் கட்டினால் இடர்கள் எழக்கூடும். பழைய திண்ணைகள் சில சாக்கடையின் மேலும் தெருவிலும் நீண்டிருந்ததுண்டு. புதியது தங்கள் எல்லைக்குள்ளேயே அமையட்டும். கிராமதாணா அல்லது நத்தம் நிலமெனில், உரிமை ஆவணங்களையும் வரிப் பதிவையும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உயரம் ஒன்றரை அடி இருந்தால் முதியோர் அமர்ந்தெழ எளிது. பக்கத்தில் ஒரு கைப்பிடி துணை செய்யும். அகலம் மூன்றடி இருந்தால் இருவர் எதிரெதிரே கால்மடக்கி அமரலாம். மழைநீர் வழிய மேற்பரப்பில் சிறு சரிவும், மேலே சிறு கூரையும் வேண்டும்.

இடமே இல்லாத அடுக்குமாடியாயினும் வழியுண்டு. குடியிருப்போர் சங்கம் மனம் வைத்தால், வாயிற்கதவருகே ஒரு கல் இருக்கைக்கு இடம் கிடைக்காமல் போகாது.

அந்த அம்மையார் தற்போது அதே தெருவில் ஒரு வாடகை வீட்டின் முதல் தளத்தில் இருக்கிறார். மாலை ஆனதும் இறங்கி வந்து, எதிர்வீட்டுப் பாட்டியின் ஜகலியில் அமர்ந்து, தம் வீடு எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் விடைபெற்றபோது இருவரும் சற்று நகர்ந்து நமக்கும் இடம் கொடுத்தனர்.