தேவனிடத்துச் சமாதானம்

கிறித்தவத் தமிழ் நூல்களைப் பயில்வோர் பலர், ‘சமாதானம்’ என்னும் சொல்லுக்கு மன அமைதி என்றே பொருள் கொண்டு செல்கின்றனர். அப்பொருளும் வழக்கில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும், பவுல் அடிகள் உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்தில் அச்சொல் நிற்கும் நிலை வேறு. அவ்வேறுபாட்டை உணராதார்க்கு, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் இயற்றி 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தின் அமைப்பே பிழைபட்டதுபோலத் தோன்றும். ஆதலின் அதனை ஈண்டு ஒரு சிறிது விளக்கப் புகுகின்றோம்.

சமாதானம் என்னும் வடசொல், தமிழில் பகைத்த இருவர் பொருந்துதலையும், ஐயத்திற்கு விடை கூறுதலையும், மனம் அடங்கி நிற்றலையும் குறிக்கும். பவுல் வழங்கிய கிரேக்கச் சொல் ‘எய்ரேனே’ என்பது. அதன்பின் நிற்பது எபிரேயரின் ‘ஷாலோம்’. குறைவற்ற நலம், உறவின் செம்மை என்பன அதன் பொருள். இவற்றுள் அடிகள் கருதியது யாது எனின், அவ்வதிகாரமே விடை தருகின்றது. தேவனுக்குப் பகைவராயிருந்த காலத்திலேயே அவருடைய மைந்தனின் மரணத்தால் ஒப்புரவாக்கப்பட்டோம் என்பது பத்தாம் வசனத்தின் கருத்து. எனவே பகை நீங்கிப் பொருந்துதலே ஈண்டுப் பொருள். அதற்கு முன்னர் வரும் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்பதும் வழக்குமன்றச் சொல்லே. குற்றமற்றவன் என்று தீர்ப்புப் பெற்றவனுடைய நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டிருத்தல் கூடும். அதனால் தீர்ப்பு மாறுவதில்லை.

அவ்வசனத்தில் ஒரு பாட வேறுபாடும் உண்டு. ‘எகொமென்’ என்பது ‘உடையோம்’ எனவும், ‘எகோமென்’ என்பது ‘உடையோமாக’ எனவும் பொருள்படும். நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் முதற்கையெழுத்து நெடிலையே காட்டுகின்றது. ஒகர ஓகார வேறுபாடு காட்டாத ஏட்டுச் சுவடிகளோடு பழகிய தமிழாசிரியர்க்கு இத்தகைய இடர் புதிதன்று. எனினும், வாதத்தின் போக்கு நோக்கி, இக்காலப் பதிப்பாசிரியர் பெரும்பாலோர் குறிலையே கொண்டனர். பொருந்தியது என்றே அதனை யாமும் கருதுகின்றோம். அடிகள் ஈண்டுக் கட்டளையிடவில்லை, நிகழ்ந்ததொன்றை அறிவிக்கின்றார்.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்விடத்து ‘நல்லுறவு’ என்னும் சொல்லை ஆள்கின்றது. மன அமைதி என்னும் மயக்கம் இதனால் நீங்குதல் நன்றே. ஆனால் சமாதானம் என்றவுடன் முன்னர்ப் பகை இருந்தது என்பது தானே பெறப்படும். நல்லுறவு என்பதற்கு அவ்வாற்றல் இல்லை.

இனி, விசுவாசம் என்பது யாது? ஒருவன் தன்னுள் விளைவிக்கும் உணர்ச்சி மிகுதியே அது எனின், அவனது சமாதானமும் அவ்வுணர்ச்சியோடு ஏறி இறங்கும். மார்ட்டின் லூத்தர் இவ்விடரில் நெடுநாள் உழன்றவர். தேவநீதி என்னும் தொடரைக் கேட்டு அஞ்சிய தாம், அது தேவன் அருளும் நீதியென்று உணர்ந்த பின்னரே தெளிவுற்றதை 1545-இல் எழுதிய முன்னுரையொன்றில் நினைவுகூர்ந்தார். கலாத்தியருக்கு அவர் வரைந்த உரையின் சிதைந்த பழம்பிரதியொன்று ஜான் பனியனின் கைக்கு எட்டியது. பனியன் 1666-இல் வெளியிட்ட தம் வரலாற்றில், தம் நீதி தம்மிடத்தன்று, வானகத்தில் கிறிஸ்துவினிடத்தே உளது எனவும், தம் மனநிலை நன்றாயினும் தீதாயினும் அது மிகுவதும் குறைவதும் இல்லை எனவும் தெளிந்தமையைக் கூறுகின்றார். விசுவாசம் ஏற்கும் கை. ஈயப்படும் பொருள் அன்று.

பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவியதே இரட்சணிய யாத்திரிகம். மூலத்தில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று கல்லறையுள் உருண்டு மறைகின்றது. இது பயணத்தின் முடிவில் நிகழ்வதன்று, தொடக்கத்தையடுத்தே நிகழ்வது. ‘சுமை நீங்கிய பின்னரும் இத்துணைப் போரும் துயரும் எதற்கு?’ என்று மாணவர் வினவுவர். வினா நேரியதே. தேவனோடு இருந்த பகை தீர்ந்தது. உலகின் பகை தீரவில்லை என்பதே விடையாம்.

பனியன் சுருங்கக் காட்டிய சிலுவைக் காட்சியளவில் பிள்ளையவர்கள் அமையவில்லை. இரட்சணிய சரிதப் படலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடுகின்றார். இதனைக் கதையின் ஓட்டத்திற்குத் தடை என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. சமாதானம் பயணியின் உள்ளத்தில் விளைந்ததாயின் அவனுடைய உணர்வை விரித்தல் போதும். அவனுக்குப் புறம்பே ஒருவர் ஈட்டியதாயின் அவருடைய சரிதையையே விரித்தல் வேண்டும். வைணவக் குடியிற் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். தன் முயற்சி ஒழிந்து இறைவனையே பற்றும் சரணாகதி நெறி அவர்க்குப் புதிதாயிருத்தல் இயலாது. ஆயினும் இரண்டையும் ஒன்றென்று கூறிவிடுதல் எளிமைப்படுத்தலாகும். பகை தீர்த்தற்கு இறைமகன் மாண்டான் என்பதே பவுலின் அடிப்படை. சரணாகதிக் கொள்கை அதனை வேண்டி நிற்பதன்று.

மூலக்கதையில் வரும் ஐயக் கோட்டையை ஈண்டு நோக்குதல் தகும். சுமை நீங்கி நெடுவழி கடந்த பின்னரே பயணியும் தோழனும் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்படுகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் ஒளியும் இலர். தற்கொலை பற்றியும் பேசுகின்றனர். அந்நாள்களில் பயணியிடம் மன அமைதி சிறிதும் இல்லை. கோட்டைக் கதவுகளைத் திறக்கவல்ல, வாக்குத்தத்தம் என்னும் திறவுகோலோ, அத்துணை நாளும் அவன் மார்பகத்தே இருந்தது.